ஈரம் காயுமுன்

கேத்தனூர்க் காற்றாடிகள் இரைகிற ஆடியில்
என் கெண்டைக்கால் வெளுத்து,
தண்ணி காணாத பூச்சுபோல
மாவு உதிர்த்தது.
சொறிந்தால் சுகம்.
சொறிந்தபின் நகத்துக்குள் பார்த்தால்
நானே கொஞ்சம்.

நாற்பத்தோரு வருசம் சிமெண்டில் கைவைத்தவன்.
ரேசன் கடை மெசினுக்கு
என்னை அடையாளம் தெரியவில்லை.
கட்டைவிரல் வைத்தேன், சிவப்பு.
ஆள்காட்டி, சிவப்பு.
"தொடச்சுட்டு வைங்க" என்றாள் ஜோதிலட்சுமி.
தொடச்சேன். சிவப்பு.
"ஏனுங் பொங்கியண்ணா, நீங்க நீங்கதானுங்களா?"
பின்னாலிருந்து பழனாத்தாள் கேட்க
வரிசையே சிரித்தது.
நானும்தான் சிரித்தேன்.
சர்க்கரை வாங்காமல் வந்தேன்.

பல்லடம் ஆஸ்பத்திரிக்குத் தோல் டாக்டர்
செவ்வாய்க்குச் செவ்வாய் வருவார்.
சின்ன வயசுப் பெண்.
முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"என்ன வேலைங்க?" என்றார்.
"கொத்து வேலைங்."
"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும்"
என்று சீட்டின் பின்பக்கம் செங்கல் வரைந்தார்.
மேல்தோல் இப்படித்தான்.
செத்த செல் எல்லாம் கல்,
நடுவில் இருக்கும் கொழுப்பு, சாந்து.
வயசானால் சாந்து குறையும், இடுக்கு விடும்.
உள்ளே உள்ள தண்ணி வெளியே போகும்,
வெளியே உள்ள கண்டதும் உள்ளே வரும்.

படத்தில்
இணைப்புக்கு நேரே இணைப்பு வைத்திருந்தார்.
"இப்புடிக் கட்டுனா சொவரு நெட்டுக்க வெடிக்குமுங்" என்றேன்.
பேனாவை என்னிடம் நீட்டினார்.
இரண்டாம் வரியை
அரைக்கல் தள்ளி வரைந்து கொடுத்தேன்.

கொதிக்கக் கொதிக்கக் குளிக்காதீர்கள் என்றார்.
பீர்க்கநாரைத் தூக்கிப் போடுங்கள்,
சோப்பை அக்குளோடு, இடுப்போடு நிறுத்துங்கள்,
துண்டால் தேய்க்காமல் ஒற்றுங்கள்,
மூன்று நிமிசத்துக்குள்
ஈரம் காயுமுன்
இந்த வாசமில்லாத களிம்பு.

ஈரம் காயுமுன்.
எத்தனை சித்தாளிடம் இதைக் கத்தியிருக்கிறேன்.
தூணுக்குச் சாக்குச் சுற்றி,
தளத்துக்குப் பாத்தி கட்டி,
ஞாயித்துக்கிழமையும் சைக்கிள் மிதித்துப் போய்
யாரோ குடிவரப் போகிற வீட்டை
நனைத்துவிட்டு வருவேன்.
என் சுவருக்குக் கொடுத்தது
வெந்நீரும் நாரும்.

கை கால் சரி. முதுகு எட்டவில்லை.
ரங்கநாயகி மகளின் பேறுகாலத்துக்கு
ஓசூர் போய் இருபது நாள்.
பழைய மணியாஸ் கட்டையைக் கழுவி,
பனியன் வேஸ்ட் சுற்றி,
களிம்பை அதில் தடவி
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றேன்.
கீழிருந்து மேலே,
விட்ட இடம் தொட்ட இடம் தெரியாமல்.
அந்த நேரம் பார்த்து வீடியோ கால்.
"என்ன கருமமுங்க பண்றீங்க?"
"பூச்சு வேல."
சிரிக்காமல் போனைக் கீழே இறக்கி
தன் குதிகாலைக் காட்டினாள்.
வறண்ட குளத்தின் அடிமண்போல் வெடிப்பு.
"எனக்கும் ஒரு டப்பா வாங்கி வைங்க.
பெருசா."

ஆவணி கடைசியில் மறுபடி வரிசையில் நின்றேன்.
கட்டைவிரல், சிவப்பு.
ஆள்காட்டி, சிவப்பு.
மோதிரவிரலுக்கு
மெசின் நெம்ப நேரம் யோசித்தது.
பச்சை.
யாரும் சிரிக்கவில்லை.
பழனாத்தாள் களிம்பின் பேரைக் கேட்டு
ரேசன் அட்டையின் உறையில் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது கணவாய்க் காற்று எதிரே.
முழுக்கைச் சட்டையின் பொத்தானை மாட்டிக்கொண்டு மிதித்தேன்.
பாதி வழியில் தொடையில் ஏதோ நறநறத்தது.
இறங்கிப் பார்த்தால்
பையின் மூலையில் ஓட்டை,
வந்த தார்ரோட்டில் வெள்ளையாய் ஒரு கோடு,
அதையும் காற்று கலைத்துக்கொண்டிருந்தது.

ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு
ஒற்றைக் கையில் ஓட்டினேன்.
பச்சை விழுந்த விரல்தான்.